ஐஸ்லாந்து, 1973: எரிமலையை யாரும் அணைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தின் 1973ஆம் ஆண்டு நிகழ்வுகளைத் தொகுத்துத் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்பைப் படித்தேன். ஹெய்மே தீவில் வெடித்த எரிமலையைக் கடல்நீர் ஊற்றி அணைத்தார்கள் என்றும், பிரிட்டனோடு நடந்த மீன்பிடித் தகராறு அதே ஆண்டில் தீர்ந்துவிட்டது என்றும் அதில் இருந்தது. முதல் செய்தி தவறு. இரண்டாவது பாதிதான் சரி. இரண்டும் ஒரே ஆண்டில் தற்செயலாக நடந்தவை போலத் தனித்தனி வரிகளில் அச்சானது அதைவிடப் பெரிய குறை. இரண்டுக்கும் அடியில் இருந்தது மீன்.

ஹெய்மே, ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வெஸ்ட்மன் தீவுகளில் மக்கள் வசிக்கும் ஒரே தீவு. 1973 தொடக்கத்தில் அங்கே சுமார் 5,300 பேர் இருந்தார்கள். நாட்டு மக்கள்தொகையில் இது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நாட்டின் மீன் ஏற்றுமதியில் எட்டில் ஒரு பங்குக்கு நெருக்கமாக அந்த ஒரு துறைமுகத்திலிருந்தே சென்றது. அந்தக் கரையில் நல்ல இயற்கைத் துறைமுகம் வேறு இல்லை. பிறகு நடந்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

ஜனவரி 21 இரவு எட்டு மணியளவில் சிறு நிலநடுக்கங்கள் தொடங்கின. தீவில் இருந்தவர்கள் உணர முடியாத அளவுக்கு அவை மெல்லியவை. பெருநிலத்தில் இருந்த கருவிகள் பதிவு செய்தன. ஆனால் பதிவு செய்த நிலையங்கள் இரண்டே. ஒரு நிலையத்தின் பதிவிலிருந்து நடுக்கம் எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது என்று மட்டுமே தெரியும். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடலாம். இரண்டு வட்டங்கள் இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். எது சரியான புள்ளி என்று சொல்ல மூன்றாவது வட்டம் வேண்டும். அது இல்லாததால் எச்சரிக்கை எதுவும் போகவில்லை. ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன், ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்தது. சில மணி நேரத்தில் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, கடலுக்கு அடியிலும் சேர்த்து, நெருப்புத் திரை எழுந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நின்ற ஹெல்காஃபெல் என்ற பழைய மலை அசையவில்லை. அதன் கடைசி வெடிப்பு சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதால் அதை எல்லோரும் இறந்த எரிமலையாகவே எண்ணியிருந்தார்கள்.

முந்தைய நாள் புயல் அடித்ததால் மீன்பிடிப் படகுகள் அத்தனையும் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. அன்று கடல் அமைதியாக இருந்திருந்தால் அவை நடுக்கடலில் இருந்திருக்கும். சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய முழு ஊரும் படகேறியது. பெரும்பாலோர் பெருநிலத்தின் தோர்லாக்ஸ்ஹோஃப்ன் துறைமுகத்தில் இறங்கினார்கள். முதியோரையும் நோயாளிகளையும் விமானங்கள் ஏற்றிச் சென்றன. தீவில் சில நூறு பேர் மட்டும் தங்கினார்கள். வெளியேற்றம் இவ்வளவு சீராக நடந்ததற்கு அந்தப் புயலுக்குப் பாதி நன்றி சொல்ல வேண்டும். திட்டமிடலின் வெற்றி என்று மட்டும் எழுதுவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் வாரங்களில் வீடுகளை அழித்தது நெருப்புக் குழம்பு அல்ல; மேலிருந்து கொட்டிய கரிய துகள்கள். சில தெருக்களில் அவை ஐந்து மீட்டர் வரை குவிந்தன. ஒரு மீட்டர் தடிமனுக்குப் படிந்தாலே கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் பல நூறு கிலோ சுமக்க வேண்டும். சரிவு குறைந்த கூரைகள் முதலில் இடிந்தன. மீட்புக்குழுக்கள் கூரை கூரையாக ஏறி மண்வாரியால் தள்ளின. எரிமலையைப் பார்த்த சன்னல்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். காற்றில் பறந்துவந்த சிவந்த கற்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்து வீட்டைக் கொளுத்தின. தகடு அடித்த வீடுகள் அந்தத் தீயிலிருந்து தப்பின. எளிய வேலைதான், ஆனால் காப்பாற்றிய வீடுகள் பல.

வாயு வேறு விதமான ஆபத்து. கீழே பழைய எரிமலைப் பாறையின் இடுக்குகள் வழியாகக் கசிந்து வந்தது பெரும்பாலும் கரியமில வாயு. அதோடு சிறிதளவு கார்பன் மோனாக்சைடு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் நிலவறைகளிலும் தாழ்வான தெருக்களிலும் தேங்கியது. துகள்களைக் குவித்து மதில் எழுப்பிப் பார்த்தார்கள், வாயு வெளியேறப் பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள். பயன் குறைவு, ஏனென்றால் வாயு தரைமேல் ஊர்ந்து வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து வந்தது. இந்த வெடிப்பில் இறந்தவர் ஒருவர்தான். அவரும் நிலவறையில் தேங்கிய வாயுவில் மூச்சடைத்து இறந்தவர்.

இனி தண்ணீர் விஷயம். குழம்பு வடக்காகவும் கிழக்காகவும் ஓடிக் கடலில் இறங்கியது. வடக்கே துறைமுகத்தின் வாய். அதன் மறுபக்கம் செங்குத்துப் பாறை. குழம்பு இன்னும் சில நூறு மீட்டர் நகர்ந்தால் வாய் அடைபட்டுவிடும். துறைமுகம் போனால் ஊரைத் தோண்டி எடுத்தும் பயனில்லை. குழம்பின் முகப்பில் கடல்நீரைப் பாய்ச்சலாம் என்ற யோசனையை முன்வைத்து அதன் கணக்கையும் போட்டவர் இயற்பியல் பேராசிரியர் தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன். குழம்பின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல். ஒரு கனமீட்டர் நீர் முழுவதும் ஆவியானால் சுமார் 0.7 கனமீட்டர் குழம்பை 100 டிகிரிக்குக் கொண்டுவரும். இதில் உயிரான சொல் 'முழுவதும்'. மேலே பட்டு வழிந்தோடும் நீர் வேலை செய்வதில்லை. விரிசலுக்குள் இறங்கி ஆவியாகி வெளியேறும் நீர்தான் வெப்பத்தைச் சுமந்து போகிறது. நீர் கொதித்து ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், அது கொதிநிலைக்குச் சூடேற எடுப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

பிப்ரவரி 6 அன்று முதல் முயற்சி. வினாடிக்குச் சுமார் 100 லிட்டர் மட்டுமே. அதற்கே முகப்பின் நகர்வு மந்தமானது. ஆனால் முகப்பில் மட்டும் அடித்தால் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. முன்னால் இறுகிய பாறைச் சுவரைப் பின்னாலிருந்து வரும் குழம்பு ஏறித் தாண்டும், அல்லது பக்கவாட்டில் சுற்றிப் போகும். எனவே முகப்புக்குப் பின்னால், ஓடிக்கொண்டிருக்கும் குழம்பின் முதுகின்மேல் நீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அதை இப்படிச் செய்தார்கள். முதலில் ஓரத்தையும் முகப்பையும் தீயணைப்புக் குழாய்களால் நனைத்து, மனிதர் நெருங்கும் அளவுக்கு ஆறவிட்டார்கள். பிறகு புல்டோசரால் ஈரத் துகள்களைக் கொட்டித் தள்ளிக் குழம்பின்மேல் பாதை போட்டார்கள். கீழே குழம்பு நகர்ந்துகொண்டே இருந்ததால் அந்தப் பாதையும் நாளுக்குச் சில மீட்டர் நகர்ந்தது, மேடுபள்ளமாகிப் பிளந்தது, மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது. பாதையின்மேல் குழாய்களை இழுத்துச் சென்று நீரைப் பரவலாகக் கொட்டவிட்டார்கள். மரத்தாங்கிகள் தீப்பிடித்தன, அலுமினியத் தாங்கிகள் உருகின. ஆனால் பிளாஸ்டிக் குழாய் தாக்குப்பிடித்தது. உள்ளே குளிர்ந்த கடல்நீர் ஓடும்வரை குழாயின் சுவர் உருகும் வெப்பத்தை எட்டாது. நீர் நின்றால் குழாயும் போகும். அதனால் இரவு பகல் பார்க்காமல் பம்புகளை ஓடவிடுவதே இந்த வேலையின் முதுகெலும்பு ஆனது.

ஓரிடத்தில் நீர் விழத் தொடங்கிய முதல் நாள் பெரிய மாற்றம் தெரியாது. பிறகுதான் அந்தப் பகுதி மந்தமாகும், மேற்பரப்பு கரடுமுரடாகும், பின்னால் வரும் குழம்பு அதன்மேல் மோதித் தடித்து உயரும். ஆவி எழுவது அடங்கும்வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம், ஒரே இடத்தில் விட்டுவைத்துவிட்டுத்தான் குழாயை நகர்த்தினார்கள். அவசரப்பட்டு முன்னதாக நகர்த்தினால் மேலோடு மட்டும் இறுகியிருக்கும். அடியில் குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும். எரிமலைக் குழம்பின் மேலோடு மிகச் சிறந்த வெப்பக் காப்பு. அதுவே இந்த வேலையின் பெரிய எதிரி. ஆவி மண்டியதால் எதிரே நிற்பவர் தெரியாத நிலையில் இந்த ஆட்கள் வேலை செய்தார்கள். சிலருக்குச் சிறு தீக்காயங்கள், பெரிய காயம் ஒருவருக்கும் இல்லை. அந்தக் குழுவைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

பிப்ரவரி பிற்பகுதியில் எரிமலை வாயின் ஒரு பெரும் சுவர் உடைந்து, குழம்பின்மேல் மிதந்தபடி துறைமுகத்தை நோக்கி வந்தது. 'நாடோடி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதைத் தடுக்க மார்ச் முதல் தேதி சாண்டே என்ற தூர்வாரும் கப்பலை இறக்கினார்கள். அது வினாடிக்கு 400 லிட்டர் வரை பாய்ச்சியது. நாடோடி இரண்டாக உடைந்து, துறைமுக வாய்க்குச் சுமார் 100 மீட்டர் இப்பால் நின்றது.

அதோடு முடியவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் குழம்பு ஊருக்குள் திரும்பி, சில நாட்களில் ஊரின் ஐந்தில் ஒரு பங்கை மூடியது. மின் நிலையம் போனது. மீன் பதனிடும் ஆலைகளுக்கும் சேதம். ஒரு பக்கம் அணை கட்டினால் குழம்பு மறுபக்கம் தாழ்வைத் தேடும். துறைமுகத்தைக் காக்க எடுத்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து 32 பெரிய பம்புகள் வந்தன. சில வாரங்களில் அவற்றின் சுழல்தண்டுகள் முறியத் தொடங்கின. பெட்ரோலிய எண்ணெய்க்காக வடிவமைத்த பம்பில் கடல்நீரை ஓட்டியதே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதினார்கள். வலுவான தண்டுகளைத் தலைநகர் ரேய்க்யவிக்கில் செய்து கொண்டுவந்து மாட்டினார்கள். உச்சக்கட்டத்தில் வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் நீர் போனது. சுமார் 30 கிலோமீட்டர் குழாய் கிடந்தது. மொத்தம் ஊற்றியது 60 லட்சம் கனமீட்டருக்கும் மேல். நீர் ஆவியாகிப்போக, ஏறக்குறைய இரண்டு லட்சம் டன் உப்பு பாறையின் இடுக்குகளில் தங்கியது. செலவு சுமார் 15 லட்சம் அமெரிக்க டாலர்.

இவ்வளவும் செய்தும் எரிமலை தன் போக்கில்தான் அடங்கியது. தொடக்கத்தில் வினாடிக்கு 100 கனமீட்டர் அளவில் கொட்டிய குழம்பு, பிப்ரவரி தொடக்கத்தில் 60க்கும், மார்ச் நடுவில் 10க்கும், ஏப்ரல் நடுவில் 5க்கும் குறைந்தது. ஜூலை 3 அன்று வெடிப்பு ஓய்ந்ததாக அறிவித்தார்கள். முதல் வாரத்தின் வேகத்திலேயே அது தொடர்ந்திருந்தால் எத்தனை பம்பு இருந்தும் போதாது. மனிதர்கள் செய்தது வேறு: மலையிலிருந்து வந்த குழம்பையே கல்லாக்கி, அந்தக் கல்லையே மதிலாக்கி, பின்னால் வந்த குழம்பை வேறு பக்கம் திருப்பினார்கள். துறைமுகம் அடைபடவில்லை. வாயை நெருங்கி நின்ற புதிய பாறை அலைத்தடுப்புச் சுவராகி, துறைமுகம் முன்பைவிடப் பாதுகாப்பானது. தீவின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் மேல் கூடியது. சுமார் 400 வீடுகள் அழிந்தன. எல்ட்ஃபெல் என்று பெயர் பெற்ற புதிய மலை 200 மீட்டருக்கு மேல் உயர்ந்து ஊருக்கு அருகிலேயே நின்றுவிட்டது.

எங்கே எரிமலை பொங்கினாலும் ஹெய்மேயில் செய்ததைச் செய்யலாமே என்ற பேச்சு எழுகிறது. அங்கே கூடிவந்த நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கெட்டியாக, மெதுவாக நகரும் குழம்பு, நூறு மீட்டருக்குள் வற்றாத கடல், கனரகப் பம்பைக் கப்பலிலேயே கொண்டுவர முடிந்த துறைமுகம், நாளுக்கு நாள் குறைந்துவந்த பெருக்கு. 2023 நவம்பரில் மக்களை வெளியேற்றிய கிரின்டாவிக் நகரத்தைக் காக்க ஐஸ்லாந்து பொறியாளர்கள் முதலில் நம்பியது தண்ணீரை அல்ல, மண்ணும் பாறையும் குவித்த அணைகளை. 2024 ஜூனில் ஸ்வார்ட்செங்கி மின் நிலையத்தருகே அணையைத் தாண்டி வழிந்த குழம்பின்மேல் நீர் அடித்தார்கள். அது அணைக்குத் துணை, அணைக்குப் பதில் அல்ல.

வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ஓலாஃபுர் யோஹான்னெசன் தலைமையிலான அரசு ஒரு நிவாரண நிதியை அமைத்து, அதற்காக நாடு முழுவதும் வரியை உயர்த்தியது. பிற நோர்டிக் நாடுகளும் பணம் கொடுத்தன. அங்கிருந்து வந்த மர வீடுகளைப் பெருநிலத்தில் பொருத்தி நிறுத்தி இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்தினார்கள். ஊரில் வாரி எடுத்த துகள்கள் வீணாகவில்லை. விமான ஓடுபாதையை நீட்டவும், புதிய வீடுகளுக்கு நிலம் மேடாக்கவும் பயன்பட்டன. 1974 முடிவதற்குள் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். 1975 மார்ச்சுக்குள் ஐந்தில் நான்கு பங்கு மக்கள். மேலே ஆறியும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த பாறைக்குள் நீரை இறக்கி, எழும் ஆவியின் வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்கும் முறையை 1974இல் ஒரு வீட்டில் சோதித்தார்கள். பிறகு ஏறக்குறைய ஊர் முழுவதற்கும் விரித்தார்கள். பாறை ஆறிப்போகும் வரை பல ஆண்டுகள் அது ஓடியது.

இப்போது கடல் பக்கம். 1972 செப்டம்பர் 1 அன்று ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 கடல் மைலாக நீட்டியது. காட் மீன் வளம் தேய்ந்துகொண்டிருந்தது. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு மீனிலிருந்தே வந்த நாட்டுக்கு வேறு வழி இல்லை. பிரிட்டன் இதை ஏற்கவில்லை. அதன் இழுவை வலைக் கப்பல்கள் எல்லைக்குள்ளேயே மீன் பிடித்தன. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் கப்பல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் ஆயுதம் ஒரு வெட்டுக் கருவி: கனத்த கம்பி வடத்தின் முனையில் கட்டிக் கடலுக்குள் இழுத்துச் செல்லும், கூரிய விளிம்புள்ள கொக்கி. காவல் கப்பல் இழுவைக் கப்பலின் பின்புறம் குறுக்கே கடக்கும். வலையை இழுக்கும் எஃகு வடங்கள் கொக்கியில் சிக்கி அறுபடும். வலையும் போகும், அதற்குள் இருந்த மீனும் போகும். சுடாமலே ஒரு கப்பலின் பயணத்தை வீணாக்க இது போதும். அதைத் தவிர்க்க இழுவைக் கப்பல்கள் கூட்டமாக நெருங்கி மீன் பிடித்தன. நெருங்கினால் மீன் குறைவு, வலைகள் சிக்கும் ஆபத்து அதிகம். அந்த நெருக்கடியும் ஐஸ்லாந்துக்கு வெற்றிதான்.

1973 மே மாதம் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. மே 26 அன்று ஏகிர் என்ற காவல் கப்பல், நிற்க மறுத்த எவர்டன் என்ற இழுவைக் கப்பலைச் சுட்டது. ஆகஸ்ட் 29 அன்று அதே ஏகிர் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அப்பல்லோவுடன் மோதியது. ஏகிரின் சேதத்தைப் பற்றவைத்துச் சரிசெய்த அதன் பொறியாளர் மின்சாரம் தாக்கி இறந்தார். போர்க்கப்பல்கள் வந்தது ஹெய்மேயில் இன்னும் குழாய் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான். துறைமுகத்தைக் காத்ததும் கடலைக் காத்ததும் ஒரே பொருளாதாரத்துக்காக, ஒரே அரசின்கீழ் நடந்தவை. மே 31, ஜூன் 1 தேதிகளில் அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிதூவும் ரேய்க்யவிக்கில் சந்தித்ததைத் தங்கள் குறிப்பு விரிவாகச் சொல்லியிருந்தது. உலகச் செய்தி என்ற முறையில் சரி. ஐஸ்லாந்தின் ஆண்டு என்று பார்த்தால் அது ஓரச் செய்தி.

நேட்டோ பொதுச் செயலாளர் யோசப் லுன்ஸ் செப்டம்பரில் நேரில் வந்து பேசினார். ஐஸ்லாந்தில் அமெரிக்கப் படைகள் இருந்த கெஃப்லவிக் தளம் பறிபோகுமோ என்ற கவலை அந்தக் கூட்டணிக்கு இருந்தது. அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விலகின. நவம்பர் 8 அன்று உடன்பாடு: பிரிட்டிஷ் கப்பல்கள் குறித்த பகுதிகளில் மட்டும், ஆண்டுக்குச் சுமார் 1,30,000 டன் வரை பிடிக்கலாம். தகராறு தீர்ந்தது என்று தாங்கள் எழுதியது இந்த உடன்பாட்டைத்தான். அது இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே. 1975 நவம்பரில் அது காலாவதியாவதற்குள் ஐஸ்லாந்து எல்லையை 200 கடல் மைலாக அறிவித்திருந்தது. மோதல் மீண்டும், முன்பைவிடக் கடுமையாக வந்தது. 1976 ஜூனில் பிரிட்டன் அந்த எல்லைக்கு இணங்கிய பிறகே விவகாரம் முடிந்தது. அடுத்து வெளியாகும் திருத்தக் குறிப்பில் இந்தத் தேதிகளையும், ஹெய்மே பற்றிய வரியையும் சரிசெய்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்